ஒரு டைப்ரைட்டரும் இரண்டு கிளார்க்குகளும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பத்திரிகையின் மூலையில் குடையைப் பற்றியும் ரயில் கோச்சியில் ஜன்னல் ஓரம் பிடிப்பதைப் பற்றியும் எழுதுகிறவன் நான். படித்தது எட்டாம் வகுப்பு. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வார்த்தை வராது. அப்படிப்பட்டவனைப் பிடித்து, “கஷ்ட காலத்தில் முன்னேறுவது எப்படி என்று எழுதும்” என்கிறார் ஆசிரியர்.

நான் எழுதுவதா? முன்னேறுவது எப்படி என்றா?

இருந்தாலும் போன செவ்வாய்க்கிழமை எங்கள் கடையில் ஒன்று நடந்தது. அது முன்னேற்றமா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது கண்டியில், தோட்டங்களுக்கு வாளி, மண்வெட்டி, சாக்கு அனுப்புகிற கடையில். கடிதம் எழுதுவதற்கு இரண்டு கிளார்க்குகள் - நானும் கந்தையாவும். கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். வாயால் பிழைக்கக்கூடியவர். நான் பேசாமல் இருப்பதால் பிழைக்கிறவன். முதலாளியின் மேசையில் ஒரு சின்ன மணி உண்டு. அதைத் தட்டினால் எங்களில் ஒருவர் எழுந்து போய் நிற்க வேண்டும். கந்தையா தலையைத் தூக்குவதற்குள் நான் போய் நிற்பேன். அது வருஷக்கணக்கான பழக்கம்.

தேயிலை விலை விழுந்தது, ரப்பர் விழுந்தது, தோட்டங்கள் வாளி வாங்குவதை நிறுத்தின. ஒரு நாள் முதலாளி, சீமைக்குக் கப்பலேறப் போகிற ஒரு துரையிடம் இருந்து பழைய டைப்ரைட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“நான் மறைச்சிப் பேசல்ல. ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்க இனி ஏலாது. இந்த மெசின் ஒராள்ட வேலையைச் செய்யுமாம். அடுத்த மாசம் ரெண்டு பேரும் இதில ஒரு கடிதம் அடிச்சிக் காட்டுங்க. நல்லா அடிக்கிற ஆள் வேலையில ஈக்கட்டும். மத்தவர் என்னைக் கோவிச்சிக்க வாணாம்.”

சொல்லிவிட்டு மெசினை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பழக்கம் இல்லாத கை பட்டால் பழுதாகிவிடுமாம்!

அதனால் இருவரும் டைப் வகுப்பில் சேர்ந்தோம். ஒரு பேக்கரியின் மேல்மாடி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்துகிறார். போய்ப் பார்த்தால்... கண்டியில் வேலை போனவர்கள், போகப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். நாவலப்பிட்டியில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட உண்டு. மெசினோ ஒன்றே ஒன்று, மணி உடைந்த பழசு, ஒரு மறைப்புக்கு அந்தப் பக்கம். மற்றவர்களுக்கு அட்டை - வட்டம் வட்டமாக எழுத்துப் போட்ட காகித அட்டை. மீசை நரைத்த பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து அட்டையைத் தட்டுகிறார்கள். முறை வந்தால் எழுந்து போய் மெசினைத் தொடலாம்.

என் முறை வரும். பக்கத்தில் இருப்பவர் பிள்ளை குட்டிக்காரராக இருப்பார். “நீங்க போங்க” என்பேன். அடுத்த முறை வரும். அவருக்கு நாளைக்கே எங்கோ இன்டர்வியூ இருக்கும். “நீங்க போங்க.”

கந்தையாவுக்குப் பொறுக்காது. “அந்தோனி, நீர் என்ன கோயிலுக்கு நேர்ந்து விட்ட ஆளே? இப்படி எல்லாருக்கும் வழி விட்டால் எப்பதான் மெசினைத் தொடப்போறீர்?”

“அடுத்த வாட்டி பாத்துக்கலாங்க.”

“ஓம், ஓம். உம்மட அடுத்த வாட்டி.”

அவர் தன் முறையையும் விடமாட்டார், என் முறையையும் விடமாட்டார். ஆனால் அட்டையை மட்டும் தொடமாட்டார். “காகிதத்தைத் தட்ட எனக்கென்ன பைத்தியமே?” என்பார்.

எனக்கு அந்தப் பைத்தியம் நன்றாகவே பிடித்தது. வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னும் அட்டை, பின்னும் அட்டை. என் மனைவி பிலோமினா வந்து நின்றாள்.

“என்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா கேக்குறாங்க, ஒங்க வீட்டுக்காரருக்கு மேலுக்கு முடியலையான்னு.”

“நீ என்னா சொன்ன?”

“படிக்கிறாருன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, ‘அப்ப சரியாகிரும்’னாங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமியாரும் இதையேதான் பிரசங்கித்தார். கஷ்டம் வரும்போது சோர்ந்து உட்காராமல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கேட்டுக்கொண்டே தொடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

முதலாளி அலுமாரியைத் திறந்து மெசினை வெளியே வைத்தார். கம்பளைத் தோட்டம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்து, அப்படியே பார்த்து அடிக்கச் சொன்னார். முதலில் கந்தையா. மெசினின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவர் போல உட்கார்ந்தார். ஆனால் அடித்தது ஒற்றை விரலால். ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்திவிட்டு, அடுத்ததைத் தேடுவார். பாதிக் கடிதத்தில் பள்ளிவாசலில் இருந்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முதலாளி போய்த் தொழுதுவிட்டு ஆற அமர வந்தார். கந்தையா இன்னும் பாதிக் கடிதத்திலேயே இருந்தார்.

பிறகு நான். பத்து விரலும் பறந்தன. முதலாளி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே பெருமையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால்... பேப்பர் வெள்ளையாகவே இருந்தது!

“எழுத்து எங்க?” என்றார் முதலாளி.

அட்டையை அழுத்த வேண்டியதில்லையே? தொட்டாலே போதும். மெசினுக்கு அது போதாதாம். ஒரு நாளும் மெசினைத் தொடாத எனக்கு இது எப்படித் தெரியும்? பயத்தில் ஓங்கிக் குத்தினேன். உள்ளே இருந்த கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

“ஒண்டொண்டாக் குத்தும், அந்தோனி,” என்றார் பின்னால் நின்ற கந்தையா. கம்பிகளைப் பிரித்தும் விட்டார்.

ஒவ்வொன்றாகக் குத்தினேன். எழுத்து விழுந்தது. ஒரு வரி முடியும் நேரம்... டிங்! மணி அடித்தது.

சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு முதலாளியின் முன்னால் போய் நின்றேன்.

“சொல்லுங்க முதலாளி.”

“நான் ஒண்டும் சொல்லல்லையே?”

“மணி...”

“மெசின்ட மணி அது! வரி முடிஞ்சா அடிக்கும். போய் இரிங்க.”

போய் உட்கார்ந்தேன். எழுத்து நகரவில்லை. வரி முடிந்தால் மேலே இருக்கிற உருளையைத் திருப்பித் தள்ள வேண்டுமாம். அட்டையில் அதற்கு வட்டம் கிடையாது. கந்தையா கையை நீட்டித் தள்ளிவிட்டார். அடுத்த வரி. டிங்! தெரிந்தும் எழுந்துவிட்டேன். கால் என் பேச்சைக் கேட்டால்தானே?

மூன்றாவது வரியில் இருந்து கந்தையா ஒரு கையால் என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையால் உருளையைத் தள்ளினார். நான் அடித்தேன். கடிதம் முடிந்தது. ஒரு பிழை இல்லை.

முதலாளி கடிதத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார்.

“ஒராள்ட வேலையைக் கொறைக்கும்னுதானே இதை வாங்கின? இதுக்கே ரெண்டாள் வேணும் போல ஈக்கிதே!” என்றார். “போங்க. நாளைக்குச் சொல்றேன்.”

வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே நடந்தோம். வழியில் கந்தையா சொன்னார், “உம்மட வேகத்துக்கு உம்மைத்தான் வைப்பார். நான் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.”

“நீங்க கம்முன்னு நின்னிருந்தா அந்த மொத வரியிலேயே நான் அவுட்டுங்க. வேல ஒங்களுக்குத்தான். என்னாத்துக்குத் தள்ளி விட்டீங்க?”

கந்தையா நின்றார். உண்மையாகவே யோசித்தார்.

“தெரியேல்லையப்பா. கை தன்பாட்டில போயிட்டுது.”

அவர் தன் சோற்றைத் தன் கையாலேயே என் பக்கம் தள்ளிவிட்டார் என்று அழுவதா? வேலை எனக்குத்தான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்படுவதா? இரண்டுமே வந்தன. இரண்டுக்கும் வெட்கப்பட்டேன்.

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். நான் முன்னேறினேனா? கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்து அத்தனையையும் தட்டுவேன் - அட்டையில். ஒரு மாதத்துக்கு முன் அது முடியாது. அதே சமயம், எங்கே மணி அடித்தாலும் எழுந்து நிற்கிற பழைய அந்தோனியும் அப்படியே இருக்கிறான். கந்தையா மெசினைப் படித்தார். ஆனால் தன் காரியத்தை மட்டும் பார்த்துக்கொள்கிற வித்தையை அவர் படிக்கவில்லை. அதைக் குறை என்பதா? கஷ்ட காலத்தில் அதுவும் ஒரு குறைதான் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்குச் சொல்ல வரவில்லை. பிலோமினாவிடம் கேட்டேன். “மொதல்ல நாளைக்கு வேல இருக்கான்னு பாருங்க” என்றாள்.

மறுநாள் முதலாளி அந்த மெசினைப் பிலிமத்தலாவை வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டார். எங்கள் இருவருக்கும் இனி அரைச் சம்பளம் என்றார். இருவரும் சரி என்றோம். மெசினை நானும் கந்தையாவும் தூக்கிக்கொண்டு போய் லொறியில் ஏற்றினோம். பிறகு கடைக்குத் திரும்பி, மைக்கூட்டில் மை ஊற்றிவிட்டு, கடிதம் எழுத உட்கார்ந்தோம்.