ஒன்பது நாள் காய்ந்த அச்சு

நாள், கிழமை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதை எழுதினாலும் அது எந்தக் கிழமை, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று உறுதி செய்துகொள்ளாமல் என்னால் மேலே போக முடியாது. வீட்டில் இதை ஒரு வியாதியாகவே பேசுகிறார்கள். இந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதி முடித்த விடுமுறை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வரும் அந்த ஒரு வாரம். வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை அதன் பலன் அத்தையின் கையில் விழுந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். ஃபேக்டரியை மூடியதும் வீட்டோடு இருந்தார். எல்லார் கையிலும் டச் ஃபோன் வந்துவிட்ட காலம் அது. வேலையில்லாதவர்கள் ஃபோனில் சமையல் பார்த்தார்கள், சீரியல் பார்த்தார்கள். அத்தை, பழைய அலுமினியத்தை உருக்கி வீட்டிலேயே அலங்காரப் பொருள் வார்ப்பது எப்படி என்று பார்த்தார். வீடியோவில் பேசியவர் ராஜஸ்தானிலோ எங்கோ மணல்காட்டில் இருந்தார். மொழி எங்களுக்குப் புரியாது. கையைப் பார்த்தே அத்தை கற்றுக்கொண்டார்.

கொல்லையில் உலை வந்தது. ஒரு பழைய இரும்பு வாளி, உள்ளே களிமண் பூச்சு, அடியில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் அம்மா தலை காயவைக்கும் டிரையர். மழைக்காலம் முழுவதும் அம்மா ஈரத் தலையோடுதான் இருந்தார். உருக்குவதற்கு வெல்டிங் கடைக்காரர் அடியை மூடிக் கொடுத்த தடித்த இரும்புக் குழாய்த் துண்டு. பக்கத்து வீடுகளிலிருந்து ஓட்டைக் குக்கர், உடைந்த ஜன்னல் சட்டம், மிக்ஸியின் அடிப்பாகம் எல்லாம் வந்து சேர்ந்தன. என் பங்குக்கு நான் அவலாஞ்சி ரோட்டு வளைவுகளில் டூரிஸ்டுகள் வீசிவிட்டுப் போன பீர் டின்களைப் பொறுக்கி, ஞாயிறு பள்ளிக்குப் போகும் பையில் போட்டுக்கொண்டு வருவேன். ஒருநாள் போதகர் அந்தப் பையைத் தூக்கிக் கொடுக்க நேர்ந்தது. அடுத்த வாரம் அவர் அப்பாவைத் தனியே அழைத்து, வீட்டில் எல்லாரும் நலமா, ஜெபிக்க வேண்டிய விஷயம் ஏதாவது உண்டா என்று மென்மையாக விசாரித்தார்.

முதலில் வந்தவை இலைகள். பிறகு ஒரு மீன். பிறகு அத்தை காட்டெருமைத் தலை ஒன்றைக் களிமண்ணில் செய்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காட்டெருமையா இது? கழுதைக்குக் கொம்பு வெச்ச மாதிரி இருக்குது” என்றார்.

“அப்படிங்களாண்ணா? காரமடை மாப்பிள்ளை போட்டோ அந்த அலமாரியிலதான இருக்குது, அதைப் பாத்துச் செஞ்சா சரியா வந்துரும்” என்றார் அத்தை.

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை. காரமடையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அந்த மாப்பிள்ளையைப் பற்றி அப்போது மூன்று மாதமாகப் பேச்சு. நல்ல இடம், சபைக்கு ஒழுங்காக வருகிறவர்கள், அவசரமும் படுத்தவில்லை. அத்தைக்கு அவர்மேல் குறை ஒன்றும் இல்லை. மலை இறங்கிக் கீழே போய் இன்னொருவர் கடையில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுக்க முடியாது, தனக்கென்று ஒரு கைவேலை கிடைத்திருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. அப்பா அதை வேலை என்று ஏற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மசினகுடியில் புதிதாகத் திறந்த ஒரு ரிசார்ட்டுக்காரர், குன்னூரில் யார் வீட்டிலோ அத்தை செய்த மீனைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டப் பன்னிரண்டு காட்டெருமைத் தலைகள் வேண்டும், புத்தாண்டுக்குள் வேண்டும், திங்கட்கிழமை ஜீப் அனுப்புகிறேன் என்றார். அத்தை ஃபோனை வைத்ததும் நேராக அப்பாவிடம் போனார். அன்று அப்பா சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“சரி. பன்னண்டையும் செஞ்சு ஜீப்புல ஏத்து. அன்னைக்கே நான் காரமடைக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடறேன். ஏத்த முடியலீன்னா, அப்பறம் நீ எங்கிட்டப் பேசக்கூடாது.”

அப்பா சொன்னால் செய்வார். இரண்டு பக்கமும் செய்வார்.

இனி அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தும் கலந்து, அதில் களிமண் தலையைப் பதித்து, ஒரு செங்கல் அளவுக்கு ஒவ்வொரு அச்சும் செய்வார் அத்தை. உருகிய உலோகத்துக்கு ஈரம் ஆகாது. அச்சுக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே எறியும். மணல்காட்டு வீடியோக்காரர் அச்சை இரண்டு நாள் வெயிலில் வைத்தார், முடிந்தது. “அவனுக்கு வெயில் இருக்குது, நமக்கு அடுப்பு இருக்குது” என்று சொல்லி அத்தை, விறகடுப்புக்கு மேலே கம்பியில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, பன்னிரண்டு அச்சுகளையும் அதன்மேல் அடுக்கினார். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டிருந்தார். இலைக்கும் மீனுக்கும் மூன்று நாள் போதுமாக இருந்தது. இது தடித்த அச்சு என்பதால் ஒன்பது நாள் என்று முடிவு செய்தார். ஒன்பதாம் நாள் அந்த வெள்ளிக்கிழமை. மறுநாள் வார்ப்பு.

வெள்ளி காலை அத்தை கரியும் நீளமான ஓர் இடுக்கியும் வாங்க ஊட்டிக்குப் பஸ் ஏறினார். அப்பா வேலைக்கும் அம்மா அங்கன்வாடிக்கும் போய்விட்டார்கள். அடுப்பு அணையாமல் அவ்வப்போது ஒரு விறகு தள்ள வேண்டும், அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

பத்து மணிக்கு வெயில் வந்தது.

எங்கள் பக்கத்தில் வாழாதவர்களுக்கு இது புரிவது கடினம். நான்கு நாள் மூட்டத்துக்குப் பிறகு டிசம்பரில் வெயில் வந்தால் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். ரஜாய்ப் போர்வை, தலையணை, புளி, மிளகாய், பள்ளிக்கூட ஷூ, கைக்குழந்தை எல்லாம் வெளியே வந்துவிடும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும். அன்றும் எங்கள் தெரு முழுவதும் அப்படித்தான் இருந்தது. நான் எங்கள் ரஜாய்களைச் சுவரில் விரித்தேன். பிறகு உள்ளே வந்து பலகையைப் பார்த்தேன். வீடியோவில் கண்ட வெயிலே வாசலுக்கு வந்திருக்கிறது, இவை மட்டும் ஏன் புகையில் கிடக்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துப் பன்னிரண்டு நடை நடந்து, துவைக்கிற கல்லின்மேலும் சுற்றுச்சுவரின்மேலும் வைத்தேன். அத்தை வந்ததும் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

மதியம் சர்ச்சில் புத்தாண்டு ஆராதனைக்கான பாட்டுப் பயிற்சி. முடிந்ததும் பன்னும் டீயும் தருவார்கள். அன்று பன் வரத் தாமதமானது. நானும் தாமதித்தேன். குந்தா பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வருவதை சர்ச் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பன்னைத் தின்றேன்.

நான் ஓடி வந்தபோது தூறலும் சேர்ந்திருந்தது. ரஜாய்களைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்து எங்கள் வாசலில் போட்டிருந்தார். சுவரின்மேல் கல் போலக் கிடந்த அச்சுகளை அவர் என்னவென்று கண்டார்? அச்சுகளை உள்ளே கொண்டுவந்து துண்டால் துடைத்தேன். துடைத்தவுடன் அவை காலையில் இருந்ததைப் போலவே வெளுப்பாக இருந்தன. ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எண் வரிசை தவறாமல், முதுகு மேலே தெரியும்படி பலகையில் அடுக்கினேன். அன்றே எனக்கு வரிசை முக்கியம். அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி மூட்டினேன். இரவெல்லாம் எரியும், காய்ந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அத்தை இடுக்கியோடு வந்து, பலகையை ஒரு பார்வை பார்த்து, என் கன்னத்தைக் கிள்ளினார்.

சனிக்கிழமை காலை உலை மூட்டினார்கள். அப்பாவும் வேலைக்குப் போகும் முன் நின்று பார்த்தார். குக்கர் மூடி குழைந்து வெள்ளித் தண்ணீராவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அத்தை முதல் அச்சை எடுத்துத் தரையில் வைக்கும்போது கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறதே என்றார். டிசம்பரில் மஞ்சூரில் எது ஜில்லென்று இல்லை? குளிரையும் ஈரத்தையும் அங்கே கையால் பிரித்தறிய முடியாது. நான் உலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊற்றிய கணத்தில் ஈர விறகு வெடிப்பதைப் போல ஒரு சத்தம். அத்தை இடுக்கியை விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தெறித்திருந்தது. ஒரு துளி கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. கொல்லை மண்ணில் ஓடிய உலோகம் அங்கேயே உறைந்து கிடந்தது. அம்மா குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்பா ஜீப் பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அத்தை அழவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். கலவையில் மணல் கூடிவிட்டதா, சாந்து பழசா என்று கேட்டுக்கொண்டே போனாராம்.

மாலையில் கட்டோடு திரும்பி வந்தவர் நேராகப் பலகைக்குப் போனார். மிச்சமிருந்த பதினொன்றில் ஒன்றை இடது கையால் எடுத்துச் சுத்தியலால் உடைத்தார். உடைந்த துண்டைக் காயம்படாத கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, நான் ஊட்டிக்குப் போய் வர்றதுக்குள்ள இது எடத்தை விட்டு நகந்துச்சா?”

“இல்லீங்கத்தை.”

மிச்சம் பத்தையும் உடைத்தார். எல்லாம் உள்ளே ஈரம். “ஒம்போது நாள் அடுப்பு மேல இருந்தும் காயலீன்னா, இந்த ஊர்ல காயாது” என்றார். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். துண்டுகளை அள்ளிப் போட நான் கூடை கொண்டுவந்து கொடுத்தேன். திங்கட்கிழமை ஜீப் வந்து, வெறுமனே திரும்பிப் போனது. அப்பா ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் அத்தை எதிர்த்துப் பேசியிருப்பார்.

ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது என்பதால், அதற்கு முந்தைய வாரமே காரமடையில் நடந்தது. அத்தை முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தார். மாமா நல்லவர். எனக்கு அவரிடம் இன்றும் பிரியம் உண்டு. அத்தை கடையில் உட்கார்ந்து ஆணி, கொண்டி, தாழ்ப்பாள் எடுத்துக் கொடுக்கிறார். போன கோடையில் போயிருந்தபோது, வார்த்த அலுமினியக் கைப்பிடி ஒன்றைத் திருப்பிப் பார்த்து, எங்கே குமிழ் விட்டிருக்கிறது என்று எனக்குக் காட்டினார். வாங்க வந்தவரிடம் வேறு எடுத்துக் கொடுத்தார். காரமடையில் வருஷம் முழுக்க வெயில். அச்சு வைத்தால் இரண்டே நாளில் காய்ந்துவிடும். அத்தை மறுபடி ஒரு வாளியில்கூடக் களிமண் பூசவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. நாள் வரிசைப்படி இது முன்பே வந்திருக்க வேண்டும். நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பொங்கல் விடுமுறை. காரமடைக்காரர்கள் நிச்சயத்துக்கு வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அத்தை என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கல்லின்மேல் உட்கார வைத்தார். கட்டு அவிழ்த்திருந்த கை இளஞ்சிவப்பாக, வேறு யாருடைய கையோ போல இருந்தது.

“நெசத்தைச் சொல்லு சாமி. வைய மாட்டேன். அப்பாகிட்டச் சொல்லி உன்னை அடிக்க உட மாட்டேன். அன்னைக்கு நல்ல வெயில்னு பக்கத்தூட்ல சொல்றாங்க. வெளிய எடுத்து வெச்சியா?”

“இல்லீங்கத்தை. தொடவே இல்ல.”

“ஒரு வாட்டி யோசிச்சுப் பாரு.”

யோசிப்பது போல நடித்தேன். பெரியவர்கள் இப்படித்தான் நயமாகக் கேட்டு வாயைப் பிடுங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன். அத்தை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரி, போய் வெளையாடு” என்றார். தப்பித்துவிட்டேன் என்று குதித்துக்கொண்டு போனேன். இரண்டு முறை கேட்டும் பதில் மாறாமல் சொன்னதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆமாம் என்று நான் சொல்லிவிடக்கூடாதா, இந்த ஊரிலும் அச்சு காயும் என்றாகிவிடாதா என்றுதான் அவர் கேட்டார் என்பது குதித்துக்கொண்டு போன அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.