சின்னத்துரையின் தூண்டில்

போன வாரம் ஊட்டி மார்க்கெட்டில் தூண்டிலுக்கு நைலான் தங்கூசி வாங்கப் போயிருந்தேன். கடைக்கார பாய் ஒரு சுருளை எடுத்து மேசைமேல் போட்டார். நான் நுனியைப் பிரித்து, இரண்டு விரலால் உருவிப் பார்த்து, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அதை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். பாய் குனிந்து என் வாயைப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, அது தங்கூசிங்க. பொகையிலைன்னு நெனச்சுட்டீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, எச்சிலைத் துடைத்து, காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை நாக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தங்கூசிக்கு ருசி கிடையாது. அந்தக் காலத்து நரம்புக்கு உண்டு.

உங்களுக்கு மீன்பிடிக்கிற பைத்தியம் இல்லையென்றால் இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். தங்கூசி வருவதற்கு முன்னால் தூண்டில் கயிற்றின் நுனியில் கட்டியதெல்லாம் பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்தெடுத்த நரம்பு. சீமையிலிருந்து கப்பலில் வரும். காய்ந்து கிடக்கும்போது மடக்கினால் படக்கென்று முறிந்துவிடும். ஊறிவிட்டாலோ முழங்கை நீள மீனையும் தாங்கும். ஒழுங்கான ஆட்கள் ஈரத்துணி வைத்த தகர டப்பாவில் முதல் நாளே ஊறப்போட்டுவிடுவார்கள். அவசரக்காரர்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள். நாள்பட்ட பசையும் லேசான உப்புமாக ஒரு ருசி. வாயில் நரம்போடு பேச முடியாது, தலையைத்தான் ஆட்டலாம். மீன்பிடிக்கிறவர்கள் அமைதியானவர்கள் என்று பேர் வாங்கியது இதனால்தான் என்பது என் கட்சி.

இப்போது ஏரிக்கரையில் பார்க்கிறேனே, மைதா மாவில் எசன்ஸ் கலந்து உருண்டை பிடித்துப் போடுகிறார்கள். கம்பைக் கல்லில் சாய்த்துவிட்டுக் குடைக்குள் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறார்கள். மீன் பிடிக்கிறார்களா, மீனுக்குப் பந்தி போடுகிறார்களா என்று தெரியவில்லை. சரி, கிழவன் புலம்பல், விடுங்கள்.

நாங்கள் பிடித்தது டிரௌட். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில்தான் அது உயிரோடு இருக்கும். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்து இந்த மலை ஓடைகளில் விட்ட மீன். அதற்குப் புழு போடுவது அவர்களுக்குக் கேவலம். காட்டுக்கோழியின் கழுத்து இறகை முள்ளில் சுற்றிக் கட்டிய பொய்ஈதான் போட வேண்டும். அந்த ஈக்கு எடையே கிடையாது, எறிந்தால் காலடியில் விழும். கயிற்றைத்தான் வீச வேண்டும். கயிறு முதுகுக்குப் பின்னால் போய் முழுசாக நீளும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். பொறுக்காதவன் வீசினால் சாட்டை மாதிரி சொடுக்கும், ஈ பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். நான் காட்டுக்குக் கொடுத்த ஈக்களை எண்ணினால் ஒரு காட்டுக்கோழிக் கூட்டமே திரும்பக் கேட்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், குந்தா பக்கம், பிக்கட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். ஃபாக்டரி ஆபீசில் எனக்கு ரைட்டர் வேலை. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம், பர்மாவில் சண்டை. ஒரு நாள் ஃபாக்டரிக்குக் கீழே ஓடையில் மண்புழு போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது எஸ்டேட் முதலாளி துரை பார்த்துவிட்டார். அதட்டவில்லை. "ஞாயித்துக்கெழமை பங்களாவுக்கு வா" என்றார். வேலை போச்சு என்றே முடிவு கட்டினேன். எங்கள் அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு, பூசைக்கு வராமல் மீனுக்குப் போனவனுக்கு இது வேண்டியதுதான் என்று திட்டவும் செய்தாள்.

பங்களா வாசலில் துரை நின்றிருந்தார். கையில் சாமானிய மூங்கில் இல்லை, சீவி ஒட்டி வார்னிஷ் போட்ட தூண்டில். அந்த வார்னிஷ் வாசனை இன்றைக்கு எந்தப் புதுக்கதவின் பக்கத்தில் போனாலும் என்னை நிறுத்திவிடுகிறது. அவருடைய ஒரே மகன், சின்னத்துரை என்று எஸ்டேட்டில் சொல்வோம், லவ்டேல் பக்கம் படித்து வளர்ந்து, பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போயிருந்தான். அவனுக்கு என் வயதுதான். அது அவன் தூண்டில்.

"மூங்கில் சும்மா இருந்தா சாகும். பட்டுக்கயிறு சும்மா இருந்தா அழுகும். அவன் வர்ற வரைக்கும் நீ வீசு" என்றார் துரை. எஸ்டேட்டில் கற்ற தமிழ், எல்லாவற்றையும் உத்தரவாகவே சொல்லும்.

வாங்கிப் பார்த்தால் கயிறு சுற்றுகிற ரீலின் கைப்பிடி எதிர்ப் பக்கம் இருந்தது. சின்னத்துரை இடக்கைக்காரன். கழற்றித் திருப்பி மாட்டுவது பெரிய வேலையில்லை, திருப்பட்டுங்களா தொரை என்று கேட்டேன். அவர் முகம் மாறிப்போனது.

"மாத்தாதே. அவன் வந்தா கை தடுமாறும்."

அப்படித்தான் வலக்கையால் சாப்பிட்டு, வலக்கையால் எழுதி, வலக்கையால் சிலுவை போடுகிற நான், இடக்கையால் மீன் பிடிக்க ஆரம்பித்தேன். பங்களாவுக்கு நேர் கீழே ஓடை பாறையில் விழுந்து திரும்புகிற இடத்தில் ஒரு மடு இருந்தது. சின்னத்துரை நிற்கிற கல்லில்தான் நான் நிற்க வேண்டும். கல்லுக்கு வலப்பக்கம் ஒரு காட்டுப்பூவரசு மரம் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. வலக்கைக்காரன் வீசினால் ஈ மரத்துக்குத்தான் போகும், அதனால் துரை அங்கே வீசவே மாட்டார், கீழ்மடுவில் நிற்பார். இடக்கைக்கு அந்த இடம் அளவெடுத்துத் தைத்த சட்டை. கொஞ்ச நாளில் எனக்கே கை படிந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வழக்கம் உண்டு. மகன் தூண்டிலுக்கு ஈ கட்டுவது துரைதான், என்னைத் தொட விடமாட்டார். டப்பாவில் ஊறிய நரம்பு இருக்கும், ஆனாலும் வாயில் போட்டு ஊறவைப்பார். மகன் சிறு பையனாக இருந்தபோது அப்படித்தான் கட்டிக்கொடுத்தாராம். வாயிலிருந்து எடுத்து, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, என்னிடம் நீட்டுவார். துரைசாணியம்மாள் மேலே வராந்தாவில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த மலையிலேயே பிறந்து ஆயா கையில் வளர்ந்தவர்கள், நம்மைப் போலவே தமிழ் பேசுவார்கள்.

பிறகு தந்தி வந்தது. தபால்காரன் ஆபீசில்தான் கொடுத்தான். நான்தான் தேயிலைக் காட்டுக்குள் எடுத்துக்கொண்டு ஓடினேன். துரை பிரித்துப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் கொழுந்து எடுத்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பையன் போயிட்டான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவ தாங்க மாட்டா. நீ ஞாயித்துக்கெழமை எப்பவும்போல வா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடுக்கரையில் துரை நரம்பை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். அதற்குமேல் கை போகவில்லை. "நீ கட்டு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழ்மடுவுக்கு நடந்துவிட்டார். நான் கட்டினேன். பழகாத கையில் முடிச்சு சரியாக விழவில்லை, முதல் மீனே அறுத்துக்கொண்டு போனது.

ஒன்றிரண்டு வாரம் கழித்துத் துரை கோயமுத்தூர் போயிருந்த நாளில் துரைசாணியம்மாள் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். மழை பிடித்திருந்தது. கையில் ஒரு கோட்டு, ஒரு தொப்பி. சின்னத்துரையுடையவை.

"இதைப் போட்டுக்கோ. நனையாதே."

"வேண்டாங்கம்மா, சின்னதொரை வந்தா..." என்று என் நாக்கு தானாகப் பொய் சொல்ல ஆரம்பித்தது. அவர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"வர மாட்டான். அன்னிக்கு இவர் நரம்பைக் கட்டல, நீ கட்டின. மேலேயிருந்து பாத்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு." குரல் கொஞ்சமும் உடையவில்லை. என் கண்தான் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாது. ஒடிஞ்சுபோயிடுவார். நீ மட்டும் நிறுத்திடாதே."

இப்படியாக இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். துரைக்காகத் துரைசாணியம்மாள் தெரியாதமாதிரி இருக்க, அவர்களுக்காகத் துரை தெரியாதமாதிரி இருக்க, ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் செத்தவன் கோட்டைப் போட்டுக்கொண்டு செத்தவன் கையால் வீசினேன். சாப்பாட்டு மேசையில் மகனுக்கு அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று பட்லர் மரியண்ணன் வந்து சொல்வார். "அய்யோ தம்பி, அங்கே நின்னு பரிமாற முடியலீங்க" என்பார். எனக்கும் முடியவில்லைதான். போவதை நிறுத்திவிடலாம் என்று சனிக்கிழமை தோறும் முடிவு செய்வேன். நான் நிறுத்தினால் இரண்டு பேரில் ஒருவர் உடைவார் என்று பயந்து, மறுநாள் போய் நிற்பேன். எங்கள் அம்மாவுக்குக்கூட இதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு. கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. துரை வருமுன்பே நான் ஈ கட்டி வீசிக்கொண்டிருந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. பிறகு துரையின் குரல், மகனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

திரும்பினால் என் முகம் தெரிந்துவிடும். நான் திரும்பவில்லை. கயிற்றை எடுத்து, பின்னால் விட்டு, பொறுத்து, மறுபடி வீசினேன். அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார், சன்னமாக, வீட்டில் பேசுகிற மாதிரி. நாய் குட்டி போட்டதைச் சொன்னார். மழை அதிகம், கொழுந்து கறுத்துவிட்டது என்றார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, கவலைப்படாதே என்றார். பாதிதான் எனக்குப் புரிந்தது. போகாதே என்று உன் அம்மா அழுதபோது போ என்று சொன்னது நான்தானே, என்னை மன்னித்துவிடு என்று சொன்னது முழுசாகப் புரிந்தது.

நடுவில் ஒரு மீன் ஈயைக் கவ்வியது. நல்ல மீன், தூண்டில் வில்லாக வளைந்தது. இழுக்கப் பயமாக இருந்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டேன், அது தானே கழன்றுகொண்டது. மூக்கு ஒழுகி, கண் ஒழுகி, துடைக்கவும் கையெடுக்காமல் நின்றேன். எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. அடுத்த ஞாயிறு என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. ஆளை மாற்றித்தான் நினைத்தாரா, தெரிந்தேதான் பேசினாரா என்று நான் யோசிக்காத வருஷமில்லை.

சண்டை முடிந்தது. ஊருக்குச் சுதந்திரம் வந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். தூண்டில்கள் இரண்டையும் துணியில் சுற்றிக் காரில் துரையே வைத்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இடக்கையை. துரைசாணியம்மாள் கடைசியாக ஏறப் போனவர்கள் நின்று, மெதுவாக, "அவர்கிட்ட கப்பல்ல சொல்லிடறேன்" என்றார்கள். சொன்னார்களோ என்னவோ. கடுதாசி எதுவும் வரவில்லை.

அதன்பிறகு நானாக ஒரு தூண்டில் வாங்கினேன். வலக்கையால் வீசிப் பார்த்தேன். பின்கயிறு முதுகில் விழுந்தது, ஈ காதில் மாட்டியது, காது கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். மறுபடி இடக்கைக்கே திரும்பிவிட்டேன்.

பிறகு அணைக்கட்டு வந்தது. மடு, கல், காட்டுப்பூவரசு, ஃபாக்டரிக்குக் கீழே இருந்த ஓடை எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. பங்களா கொஞ்ச வருஷம் மேட்டில் மொட்டையாக நின்றது, பிறகு கல்லைப் பேர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மரியண்ணன் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போய்விட்டாள். நான் மட்டும் ரிட்டையர் ஆன பிறகும் முட்டி வலிக்காத நாளில் பஸ் ஏறி அணைக்கரைக்குப் போவேன். யாரும் திருப்பிக் கேட்காத சின்னத்துரையின் கோட்டும் தொப்பியும் போட்டால்தான் அங்கே அடிக்கிற குளிர் தாங்கும்.

நேற்றும் புதுத் தங்கூசியோடு போனேன். திரும்பும்போது பிக்கட்டியில் ஒரு கடையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். கோட்டையும் தொப்பியையும் மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். கடைக்காரர் என் கம்பைப் பார்த்துவிட்டு அக்கறையாகச் சொன்னார்.

"அணைப்பக்கம் ஒண்டியாப் போகாதீங்க. பனி எறங்குச்சுன்னா ஒரு வெள்ளக்காரன் நிப்பானுங்க. கோட்டு, தொப்பி போட்டுட்டு, இடக்கையில தூண்டி வீசுவான். எங்க மச்சான் கண்ணால பாத்திருக்கறாருங்க. கூப்புட்டாக்கூடத் திரும்பலையாம்."

எனக்குக் காது மந்தம், அதனால்தான் திரும்பியிருக்க மாட்டேன், அது நான்தானப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். டீயைத்தான் குடித்தேன். அந்த எஸ்டேட்டிலிருந்து முதலில் போனவன் சின்னத்துரை. இன்றைக்கு அந்தக் கரையில் ஊரார் கண்ணுக்குத் தெரிகிறவனும் அவன் ஒருவன்தான்.