அவளுக்கான இரண்டாம் மிதிவண்டி

என் மகனுடைய மிதிவண்டிக்குத் துணையாக மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பதினொரு நாள்கள் ஆயின. தொண்ணூறுகளின் பிற்பாதி அது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியே சுருள்வில் பொருத்திய மலைமிதிவண்டிகள் திருநெல்வேலிக் கடைகளில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.

முதல் வண்டி எங்கள் வீட்டுக்குச் சரக்குந்தில் வந்தது. மகன் பெங்களூரில் பணியாற்றினான். ஞாயிறுதோறும் அந்த வண்டியில் குன்றுப் பகுதிகளுக்குச் செல்வான். நாங்கள் இருவரும் சென்று உடனிருந்தும், ஒன்பது நாள் காய்ச்சலில் அங்கேயே இறந்தான். அவனுடைய துணிகள் இரண்டு பெட்டிகளிலும், வண்டி சாக்குச் சுற்றிய கட்டாகவும் வந்து சேர்ந்தன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டேன். அடுத்த திங்கட்கிழமை கல்லூரியில் இலக்கண வகுப்பு எடுத்தேன்; பாடம் ஒழுங்காகவே நடந்தது.

சில வாரங்களில் அவ்வண்டியை நான் ஓட்டத் தொடங்கினேன். விடிந்ததும் டவுணிலிருந்து புறப்பட்டு, நெல்லைக் கால்வாய்க் கரையில் மேற்கு நோக்கிச் சுத்தமல்லி அணைக்கட்டு வரை சென்று திரும்புவேன். கல்லும் வேருமாய்க் கிடக்கும் மண்பாதை. சுருள்விற்கள் அதிர்வை வாங்கிக்கொண்டன. எனக்கு எதுவும் தெரியவில்லை.

என் மனைவி ஐந்து திங்களாகத் தெருவில் இறங்கவில்லை. அதற்கு எங்கள் பக்கத்து வழக்கமே காரணம். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், நேரில் வந்து துட்டி, அதாவது துக்கம், கேட்காதவர்கள், அவ்வீட்டாரை எங்கே முதலில் காண்கிறார்களோ அங்கேயே நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் வேறு பேச்சுப் பேசுவது முறையன்று. அவள் முப்பதாண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். நான்கு ரதவீதிகளிலும் அவளை அறியாதவர்கள் குறைவு. முதல் மாதம் ஒருமுறை கடைக்குப் புறப்பட்டாள். தெருமுனையைக் கடப்பதற்குள் நான்கு பேர். திரும்பி வந்து கதவைத் தாழிட்டவள்தான்.

ஒருநாள் காலை நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளே பேச்செடுத்தாள்.

"கால்வாக்கரையில ஆள் நடமாட்டம் உண்டுமா?"

"புல் அறுப்பவர்கள் வருவார்கள்."

"நடந்து போனா நிப்பாட்டிக் கேப்பாவ. சைக்கிள்ல போறவள யாரு மறிச்சுக் கேப்பா? எனக்கும் ஒண்ணு வாங்குங்க. அவன் வண்டி எனக்கு எட்டாது."

அவள் திருமணத்துக்கு முன் மிதிவண்டியில் பள்ளிக்குப் போனவள். ஆனால் பிற்காலத்தில் இடுப்பு எலும்பு தேய்ந்து, குலுங்கும் பயணம் கூடாதென்று மருத்துவர் விலக்கியிருந்தார். சாதாரணப் பெண்கள் மிதிவண்டி அந்தக் கரைப்பாதைக்கு ஆகாது. எனவே இரண்டாவதும் சுருள்வில் வைத்ததாகவே இருக்க வேண்டும். ஆனால் முதலாவதைப் போல இருக்கக் கூடாது. வண்டி பொருந்தாவிட்டால் அவள் மீண்டும் கேட்க மாட்டாள் என்பதும், கதவு மீண்டும் அடைபடும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவதற்கு நான் பயன்படுத்தும் கோடிட்ட பெருந்தாளில் பத்திகள் வரைந்தேன். சட்டகத்தின் உயரம், கைப்பிடியின் அகலம், பற்சக்கரங்களின் எண்ணிக்கை, வில்லின் இறுக்கம். மகனுடைய வண்டியை அளந்து முதற்பத்தியை நிரப்பினேன். அவன் எழுபது கிலோ இருந்தான். அந்த எடைக்கு இறுக்கிய வில் அது. அவளோ நாற்பத்தாறு. அதே வில் அவளுக்குக் கீழே மரக்கட்டையாக நிற்கும்.

வேறு கடைகளில் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் கீழரத வீதியில் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"பையன் விசயம் பிந்தித்தான் தெரிஞ்சது ஐயா. வந்து கேக்க முடியல. மனசுல வச்சுக்கிடாதிய."

"சரி" என்றேன்.

"என்ன செஞ்சுது?"

"காய்ச்சல்."

அவர் தலையாட்டிவிட்டு, வண்டிகள் நின்ற பக்கம் நடந்தார். பிறகு அவர், "என்ன வண்டி பாக்குதிய?" என்றார்.

அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று முக்கோணச் சட்டகம். மற்றொன்றில் மேற்குழாய் இல்லை. நடுவில் தாழ்ந்து, பின்வில் இருக்கைக்கு அடியில் வெளிப்படத் தெரிந்தது. புடவையோடு ஏறுவதற்கு இரண்டாவதே ஏற்றது என்று குறித்துக்கொண்டேன்.

"ஓட்டுதவங்களக் கூட்டிட்டு வாங்க ஐயா. ஏறி உக்காந்து பாத்தாத்தான் ஷாக்கு வில்லு பிடிக்குதா இல்லையான்னு தெரியும்."

"அவர்கள் வர இயலாது. எடை நாற்பத்தாறு."

அவர் யாருக்கென்று கேட்கவில்லை. யாரோ மாணவி என்று எண்ணியிருக்கலாம், நானும் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து மளிகைக் கடையில் அரிசியை நாற்பத்தாறு கிலோவாக நிறுத்துக் கட்டச் செய்து, மூட்டையை இருக்கைமேல் ஏற்றினோம். கடைக்காரர் இருபுறமும் பிடித்துக்கொள்ள, நான் அடிக்கோலை வைத்து வில் அமுங்குவதை அளந்தேன். வில்லை இறுக்கும் வளையத்தைத் தளர்த்தி மீண்டும் அளந்தேன். வாடிக்கையாளர் இருவர் நின்று பார்த்தார்கள்.

"ஐயா, ஓட்டப்போறது ஆளா, மூட்டையா?" என்றார் கடைக்காரர்.

"ஏம் அண்ணாச்சி, மூட்டை ஒண்ணும் சொல்லலியே, பிடிச்சிருக்கும்போல" என்றார் நின்றவர்களில் ஒருவர்.

நான் தாளில் எண்ணை எழுதினேன். மூன்றாம் தளர்த்தலில் இருக்கை இரண்டு விரற்கடை தாழ்ந்தது, அது போதும். கைப்பிடியை உயர்த்தி வைக்கச் சொன்னேன். கல்லில் விரைந்து செல்வது மகனுடைய வண்டி. மெல்லச் சென்றாலும் குலுங்காதது இது. இரண்டும் ஒன்றாகச் செல்ல இயலும் என்று முடிவு செய்தேன். வழக்கமாகப் புது வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சை வைப்பார்கள். எங்கள் வீட்டுச் சாவுக்கு ஆண்டு திரும்பாததால் அதைக் கடைக்காரர் செய்யவில்லை. வண்டியை வீடுவரை உருட்டி வந்தேன்.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். அவள் முதலில் தடுமாறினாள்; தெருவைத் தாண்டியதும் வண்டி நேர்பட்டது. பால்காரர் ஒருவர் வாயெடுப்பதற்குள் கடந்துவிட்டோம். அவள் சொன்னது சரிதான். கால்வாய்க் கரையில் ஏறிய பிறகு யாரும் இல்லை. பின்வில் அமுங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தேன். என் கணக்கில் பிழையில்லை.

பாதி வழியில் வண்டி நின்றது. புடவையின் கரை சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே சுருண்டு இறுகியிருந்தது. மலைமிதிவண்டிகளுக்குச் சங்கிலி மூடி கிடையாது. புடவையை எண்ணித்தான் தாழ்ந்த சட்டகத்தைத் தேர்ந்தேன். அதே புடவை சங்கிலிக்குள் போகும் என்பதற்கு என் தாளில் பத்தி இல்லை. அவளால் இறங்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. நான் இழுத்தேன், கிழியும் ஓசை கேட்டது.

கரைச்சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அரிவாளோடு ஏறி வந்தாள்.

"இழுக்காதிய ஐயா, சேலை போயிரும். பெடலப் பின்னால பைய சுத்துங்க. இந்தா, நா பிடிச்சுக்கிடுதேன்."

சுற்றினேன். துணி கருத்த மையோடு அங்குலம் அங்குலமாக வெளிவந்தது.

"இந்த வயசுல ரெண்டு பேருக்கும் சோடி சைக்கிளு கேக்குதா? புள்ளைக பாத்தா வைய மாட்டாவளா?" என்று சிரித்தாள் அந்த அம்மாள்.

"ஒரு பையன்தான்" என்றாள் என் மனைவி. "அவன் போயி ஆறு மாசம் ஆச்சு."

அந்த அம்மாள் அரிவாளைக் கீழே வைத்தாள். முறையான சொல் எதுவும் சொல்லவில்லை. கரையிலேயே உட்கார்ந்து, "உக்காரு தாயி" என்றாள்.

என் மனைவி உட்கார்ந்தாள். ஒன்பது நாள்களையும் முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொன்னாள். ஐந்தாம் நாள் அவன் இட்லி கேட்டு, பாதி தின்று, "உப்பு இல்லம்மா" என்றானாம். நான் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தேன். அதை அன்றுதான் அறிந்தேன். அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க வேண்டியது முடிந்த பின்னும் துடைத்தேன்.

வெயில் ஏறியது. அந்த அம்மாள் எழுந்து, புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியை வீட்டுப்பக்கம் திருப்பினாள். அணைக்கட்டுக்குப் போகவில்லை.

அவளுடைய வண்டிக்குச் சங்கிலி மூடி செய்து தருமாறு தகரப் பட்டறையில் அன்று மாலையே சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை, மூடி வரும்வரை புடவைக்கரையைக் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் கையில் காய்கறிப் பை இருந்தது.

"நீங்க போயிட்டு வாங்க. நா நயினார்குளம் சந்தைக்குப் போறேன்."

"வண்டியிலா?"

"நடந்துதான்."

வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் அவளோடு பணியாற்றிய ஓர் ஆசிரியை எதிர்ப்பட்டு அவள் கையைப் பற்றினார். அவள் நின்றாள். இருவரும் நெடுநேரம் நின்றிருந்தார்கள். பின்னர் அவள் மேலே நடந்தாள். சற்றுத் தள்ளி வேறொருவர்.

எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த, எங்களிடம் இன்னும் துட்டி கேட்டிராத அவ்வீட்டு உறவினர் என்னைப் பார்த்துப் படியிறங்கினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குச் சென்றேன்.