மேற்கே இரண்டரை அடி

உத்தமபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது ஜெயம் பிளான் கடை. கடைக்காரர் அனுமந்தன்பட்டி இன்னாசி. ஆயுள் முழுக்க வீட்டுக்குப் படம் போட்டவர், இந்த ஐப்பசியில் கல்லறைக்குப் படம் போட உட்கார்ந்தார். அதுவும் கம்ப்யூட்டரில். இரண்டுமே அவருக்குப் புதிது.

கல்லறை அவர் மனைவி ஜெயமேரிக்கு. ஆடி கடைசியில் வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், மடியில் கீரையோடு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. புதைத்த இடத்தில் இன்னும் வெறும் மண்மேடுதான்.

கல்லறைத் திருநாள் வருகிறது. அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் நிற்கும். சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். 'ஊருக்கெல்லாம் வீடு போட்டவரு பொண்டாட்டி மண்ணுல கெடக்கா' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இன்னாசிக்குக் கேட்டுவிடும்.

சின்னமனூரில் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் மலைச்சாமியிடம் பேசினார்.

"கையால போட்ட படம் இங்கன ஆகாதுண்ணே. மிசினு ஃபைலைத்தான் படிக்கும். நீங்க ஃபைலு குடுங்க, திருநாளுக்கு முந்தியே கல்லைக் கொண்டாந்து எறக்கிர்றேன்."

கையால் போடவும் முடியவில்லை என்பதை இன்னாசி அவரிடம் சொல்லவில்லை. முயன்று பார்த்திருந்தார். தாளை ஒட்டி, பேனாவை எடுத்து, ஸ்கேல் ஓரமாகவே இழுத்தும் கோடு நடுவில் நடுங்கியது. வேறு வீட்டுப் படம் போட்டால் நடுங்கவில்லை. இந்த ஒரு படத்துக்குத்தான் நடுங்கியது. அது அவருக்கு விளங்கவில்லை.

மகள் பெனிஷா கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறாள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். படம் வரைகிற சாஃப்ட்வேரை அதில் ஏற்றியிருந்தாள். காசு கட்டாமல் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாமாம். பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம்.

"கடைக்கும் ஆகும்ப்பா. இனிமே எல்லாரும் ஃபைலுதான் கேப்பாக. மொதல்ல அம்மாது போட்டுப் பாருங்க. சின்னப் படம்தானே."

சின்னப் படம்தான். ஏழு அடிக்கு மூன்று அடி. ஒரு குளியலறை அளவு.

திரை கறுப்பாக இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டே பழகியவருக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடு, இருட்டுக்குள் நூல் பிடிக்கிற மாதிரி இருந்தது. ஒரு கோடு போட்டார். மவுஸின் நடுச்சக்கரத்தில் விரல் பட்டது. கோடு காணாமல் போனது. சக்கரத்தை மறுபக்கம் உருட்டினார். வந்த கோடு திரையையே அடைத்துக்கொண்டு தூண் போல நின்றது. கீழே ஒரு வரியில் இங்கிலீசில் ஏதோ கேட்டது. பதில் சொல்லாவிட்டால் நகரவிடவில்லை. சொன்னால் வேறொன்று கேட்டது. தாள் இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

ஒருவழியாக நாலு கோடும் சேர்ந்தன. பக்கத்துக் கடை ஷானவாஸ் ஜெராக்ஸ் போடுகிறவன், பிரிண்டும் எடுப்பான். அவனிடம் பென்டிரைவைக் கொடுத்தார். அவன் எடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னண்ணே, சோப்பு டப்பா செய்யப் போறீகளா?"

"ஏலே, கல்லறைடா அது."

ஷானவாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். தாளை இரண்டு கையாலும் பிடித்து மேசையில் மெதுவாக வைத்தான்.

"தெரியாமச் சொல்லிட்டேன்ணே."

"அட, விடு. இந்தப் படத்தை வச்சு மிசினு கல்லு வெட்டிருமா?"

அது அவனுக்கும் தெரியவில்லை. பெனிஷாவைப் போனில் பிடித்தார்.

"என்ன அளவு குடுத்தீகப்பா?"

"ஏழு அடிக்கு ஒண்ணே முக்கால் அங்குலம். அடிக்குக் காலங்குலம் கணக்கு. எப்பவும் போடுறதுதான?"

"அய்யோ, இதுல அப்பிடிப் போடக் கூடாதுப்பா. இதுல தாளுன்னு ஒண்ணு கெடையாது. நெச அளவையே அடிங்க. ஏழு அடின்னா ஏழு அடி. சுருக்குறதெல்லாம் கடைசில, பிரிண்டு எடுக்கும்போதுதான். நீங்க இப்பிடியே அனுப்பியிருந்தா மலைச்சாமி அண்ணன் மிசினு ஒண்ணே முக்கால் அங்குலத்துக்குத்தான் கல்லு வெட்டியிருக்கும்."

இன்னாசி போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வீடு போட்டிருக்கிறார். மாடி வீடு, கல்யாண மண்டபம், ஏலக்காய்க் கடை எல்லாமே மேசைக்குள் அடங்கின. சுருக்கிய பிறகு எதுவும் பெரிதாகத் தெரியாது. நெச அளவு என்கிறாள் மகள். ஏழு என்று அடித்தார். அடிக் குறி போட வேண்டும். விசையைத் தேடினார். தேடியது கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து டீ குடிக்கப் போனார்.

இன்னாசி பிளானுக்கு ஒரு பேர் உண்டு. 'பின்வாசல் பிளான்' என்பார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். முன்னறை, சமையலறை, அவ்வளவுதான். போக வர ஒரே வாசல். அப்போது கடை கிடையாது. முன்னறையில்தான் பலகை போட்டுப் படம் வரைவார். ஒரு நாள் வீடு கட்டுகிற ஆட்கள் வந்து உட்கார்ந்து மதியம் முழுக்கப் பேசினார்கள். ஜெயமேரி தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்தபடி சமையலறைக்குள்ளேயே நின்றாள். அத்தனை ஆண்களின் காலைத் தாண்டி எப்படிப் போவது? தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அவர்கள் போன பிறகு அவள் சண்டை போடவில்லை. பலகையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். அவள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள், படம் படிக்கத் தெரியாது. இருந்தும் ஒன்று கேட்டாள்.

"இந்த வீட்டுக்குப் பின்வாசல் எங்கங்க?"

இல்லை. அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு வேறு போட்டார்.

அதிலிருந்து எந்தப் படமும் அவள் பார்த்த பிறகுதான் வெளியே போகும். கேள்வி அதே ஒன்றுதான். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்றால்கூட விடமாட்டாள். "சந்து விடச் சொல்லுங்க. பொம்பளைக்கு ஒரு வழி வேணும்ல" என்பாள். இடம் வீணாகிறது என்று சிலர் முறைத்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். ஆனால் உத்தமபாளையம் ராவுத்தர் தெருக்களில் அதுவே ராசியானது. அங்கே பெண்கள் முன்தெருவுக்கு வராமல் பின்வாசல் வழியாகவே நாலு வீடு போய்விட்டு வந்துவிடுவார்கள். ஷானவாஸின் வீடும் அப்படி வந்ததுதான். அவன் அம்மா ரஃபியா, "வாசல்காரம்மா நல்லா இருக்காகளா?" என்றுதான் ஜெயமேரியை விசாரிப்பார்.

டீ குடித்துவிட்டு வந்து இன்னாசி மறுபடி உட்கார்ந்தார். நெச அளவிலேயே போட்டார். கிழக்கே நடைபாதை, அதனால் கிழக்கு முகப்பு. தெற்கு, மேற்கு, வடக்கு. இந்த முறை கை நடுங்கவில்லை. கோடு போடுவது கை இல்லையே, அது தானாக நேராகப் போகிறது. தலைமாட்டில் சிலுவை. எல்லாம் ஆயிற்று. உள்ளே கல் என்று காட்டப் புள்ளி நிரப்ப வேண்டும். அதற்கு ஹாட்ச் என்று ஒரு கட்டளை. பெனிஷா சொல்லிக்கொடுத்திருந்தாள், உள்ளே ஒரு சொடுக்கு, நிரம்பிவிடும்.

நிரம்பவில்லை. இங்கிலீசில் ஒரு பெட்டி வந்து ஏதோ சொல்லிவிட்டு நின்றது. மூடினார். மறுபடி சொடுக்கினார். மறுபடி அதே பெட்டி. கணினியை அணைத்துப் போட்டார். சிலுவையை அழித்துவிட்டுப் பார்த்தார். வேறு கல் மாதிரியைப் போட்டுப் பார்த்தார். ஷானவாஸ் எட்டிப் பார்த்தான்.

"ஓசி சாஃப்ட்வேருண்ணே. அப்பிடித்தான் பாதில நிக்கும். காசு கட்டுனா நெரப்புவானுக."

அப்படியும் இருக்கலாம் என்று இன்னாசிக்குத் தோன்றியது. அதற்குள் மலைச்சாமியிடமிருந்து போன்.

"அண்ணே, கல்லு மேடையில ஏத்தியாச்சு. ஃபைலு வரலேன்னா வேற வேலை ஓட்டிருவேன். பொறவு திருநாளுக்குக் கெடைக்காது, பாத்துக்கங்க."

"சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றார் இன்னாசி. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பெனிஷா அலுவலகத்தில் இருந்தாள். அங்கிருந்தபடியே இந்தத் திரைக்குள் வந்துவிடலாமாம். அவள் சொன்ன எண்ணைத் தட்டினார். அம்புக்குறி தானாக நகர்ந்தது. இன்னாசி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"சுத்துக்கோடு மூடாம இருந்தா நெரப்பாதுப்பா. எங்கயாவது மயிரிழை கேப் இருக்கும். பாப்போம்."

அம்பு கிழக்குக் கோட்டின் மேல் நிதானமாக ஊர்ந்தது. மூலை சரி. தெற்கு சரி. மேற்கே திரும்பியது. பாதியில் நின்றது.

மயிரிழை இல்லை. இரண்டரை அடி.

வெறும் இடைவெளியும் இல்லை. இரண்டு முனையிலும் நிலைக்குக் குட்டிக் கோடு போட்டிருந்தது. ஒரு முனையிலிருந்து சாய்கோடு, அதைச் சுற்றிக் கால்வட்டம். கதவு திறக்கிற வழி.

போனில் பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது.

"ஆத்தா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா." அம்பை அந்தச் சாய்கோட்டில் நிறுத்தி, "கதவு வச்சிருக்கீக" என்றாள்.

"நானா வச்சேன்?"

"வேற யாரு?"

இன்னாசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கதவுதான். எப்போது வைத்தார் என்று நினைவில்லை. கோடு கோடாக நினைத்துப் பார்த்தார். மேற்குச் சுவர் வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு வடக்குச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

"பழக்கத்துல கை போயிருச்சுத்தா."

"ம்."

"வீட்டுக்கு உள்ள தொறக்குற மாதிரிதான எப்பவும் போடுவேன். இது வெளிய தொறக்குதே. ஏன் அப்பிடிப் போட்டேன்?"

"தெரியலப்பா."

இரண்டு பேரும் அந்தக் கால்வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கே, அவர் இங்கே.

"அழிச்சுட்டுக் கோட்டை மூடிரவா? ஒரு தட்டுதான். ஒடனே நெரம்பிரும், நானே மலைச்சாமி அண்ணனுக்கு அனுப்பிர்றேன்."

அம்பு கதவின் மேல் போய் நின்றது. கதவு புள்ளிக்கோடாக மாறியது.

"இரு" என்றார் இன்னாசி.

அம்பு நகர்ந்தது. கதவு பழையபடி வெள்ளையானது.

"கதவை மட்டும் எடு. வழி இருக்கட்டும்."

"அப்ப உள்ள கல்லு நெரப்ப முடியாதேப்பா."

"நெரப்ப வேணாம். மேல கல்லே வேணாம். மண்ணாவே கெடக்கட்டும். சுத்திவர முக்காலடிக்குக் கட்டுக்கல்லு, தலமாட்டுல சிலுவை. மேற்க ரெண்டரை அடி விட்டுரு. அவ்வளவுதான் படம்."

பெனிஷா அம்பை மறுபடி கதவுக்குக் கொண்டுபோனாள். கதவை எடுத்தாள். நிலைக்கோடுகளை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

ஃபைல் போன கொஞ்ச நேரத்தில் மலைச்சாமி கூப்பிட்டார்.

"என்னண்ணே, பலகைக்கல்லையே காணோம். மேக்குப் பக்கம் வேற தொறந்து கெடக்கு. படம் அரைகுறையா வந்துருச்சா?"

"முழுசாத்தான் வந்திருக்கு. அப்பிடியே வெட்டு."

"எதுக்குண்ணே அந்தத் தொறப்பு?"

இன்னாசி வெளியே பார்த்தார். மழை பிடித்திருந்தது. சந்தில் தண்ணீர் ஓடியது.

"தண்ணி போகணும்ல. அடமழைக் காலம். உள்ள நின்னுறக் கூடாது."

"அது சரிதான்" என்றார் மலைச்சாமி. "தண்ணிக்கு அரையடி போதுமே. ரெண்டரை எதுக்கு?"

"ஆளும் போகணும்ல, புல்லுப் பிடுங்க."

மலைச்சாமி ஒத்துக்கொண்டார்.

அதன்பின் ஒரு நாள், ஓசிக் கெடு முடிந்து சாஃப்ட்வேர் திறக்கவில்லை. வாங்குகிறாயா என்று கேட்டு ஒரு பெட்டி காட்டியது. இன்னாசி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூடி வைத்தார்.

கல்லறைத் திருநாளுக்குப் பெனிஷா வந்தாள். மழை விட்டிருந்தது. சாமியார் மந்திரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "தண்ணி போறதுக்கா? நல்ல யோசனை, எங்களுக்குத் தோணாமப் போச்சு" என்றார் ஒருவர். பெனிஷா தலையாட்டினாள். மெழுகுதிரிகளைத் தலைமாட்டில் வைத்தாள். ஒன்றை மட்டும் மேற்குப் பக்கம் கொண்டுபோய் கதவு நிலை இருக்க வேண்டிய இடத்தில் நட்டாள்.

மண்ணில் அதற்குள் புல் முளைத்திருந்தது. கட்டுக்கல் முக்கால் அடிதான், எந்தப் பக்கமும் தாண்டிவிடலாம். இன்னாசி தாண்டவில்லை. மேற்கே சுற்றிப் போய், செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, அந்த வழியாக உள்ளே போய்ப் புல்லைப் பிடுங்கினார். திரும்பும்போதும் அந்த வழியாகத்தான் வந்தார்.