பல்லவிக்குத் திரும்பாத பாட்டு

எங்கள் வீட்டுத் தண்ணீர் இறைக்கும் மெசின் பழுதாகாமல் இருந்திருந்தால் நான் மறுபடி வாயைத் திறந்து பாடியிருக்க மாட்டேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர், "அப்ப அந்தப் பெருமை எனக்குத்தான். ஒயில் மாத்தாமல் விட்டது நான்தானே" என்பார். அவருக்குப் பெருமை எங்கிருந்து வந்தாலும் சரி.

ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில், முதியோர் இல்லமொன்றின் சமையல் குசினியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். அங்கே புதன்கிழமை பின்னேரங்களில் பாட்டு நடக்கும். பியானோ வாசித்தபடி பாட ஒருத்தி வருவாள், என் வயதுக்காரி. நான் சூப் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது கதவடியில் நின்று கேட்பேன். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, ஒரு கமகம்கூட இல்லை. ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. தொடங்கி இரண்டு நிமிடத்தில் முடிந்தும் போயிற்று. இதற்கா இந்தச் சனம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது என்று நினைத்தேன்.

நாலைந்து புதன்கிழமை போன பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. பியானோ அந்தப் பாட்டுக்குப் பின்னால் நடந்து வருவதில்லை. குரல் ஒன்றைச் சொல்ல, பியானோ சொல்லாத மற்றதைச் சொல்கிறது. பாடுகிறவள் "நான் நலமாக இருக்கிறேன்" என்பாள், அடியில் பியானோ "பொய்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்ட அன்று வண்டிலில் சூப் ஆறிப்போய், மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன். அடுத்த புதன் வெட்கத்தை விட்டுப் பியானோக்காரியிடம் போய், எனக்கும் இதைப் பழக்குவாயா என்று கேட்டேன். ஆறு வருடம் பழகினேன். என் வாழ்க்கையில் யாருக்காகவும் இல்லாமல் எனக்காகவே செய்த காரியம் அது ஒன்றுதான்.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. தைரொயிட். வெட்டி எடுத்தார்கள். "பேச்சு திரும்பி வரும். பாட்டுக்கு நான் வாக்குத் தர மாட்டேன்" என்று வைத்தியர் நேராகச் சொல்லிவிட்டார். பேச்சு கரகரப்போடு வந்தது. பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து தங்கள் பாட்டில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் இலங்கைக்கு, வன்னியில் அக்கராயனில் இருக்கும் என் தகப்பனின் காணிக்கே திரும்பி வந்தோம். பியானோக்காரி தந்த பாட்டுத் தாள்கள் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போயின. மூன்று வருடம் குளிக்கும்போதுகூட நான் முணுமுணுக்கவில்லை. பாடிப் பார்த்து, வராது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? தெரியாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். எனக்குப் பயம், அதுதான் உண்மை.

மெசின் திருத்த வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்களைப் போலத்தான் கதைப்பார். ஆனால் உணர்ச்சி வசப்பட்டால் தாயின் பேச்சு வாயில் வந்துவிடும். கிழமை நாட்களில் மெசின் திருத்துவார், கலியாண வீடுகளில் இசைக்குழுவோடு கிற்றார் வாசிப்பார்.

அன்று அவர் மெசினைத் திருத்தி ஓட விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியோடு கிணற்றடியில் நின்றேன். மெசின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், என்னை அறியாமல் வாய்க்குள் ஒரு மெட்டை இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் திடீரென்று மெசினை நிற்பாட்டினார். என் முணுமுணுப்பு மட்டும் வெட்டவெளியில் தனியே நின்றது.

"அக்கா, அது என்ன பாட்டு?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

"இல்லை அக்கா, அது எங்கட பாட்டு இல்லை. மேல போகாமல் பக்கத்தால போகுது. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

ஆறு வருடம் பழகிய என்னால் அந்தப் பாட்டை அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது. மேலே போகாமல் பக்கத்தால்தான் போகும் அது. ஜேர்மன் பாட்டு, பியானோவோடு பாடுவது, என் தொண்டை போய்விட்டது என்று மூன்று சாக்குப்போக்கையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மூன்றாவதைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டார். "பியானோவுக்கு எங்கை போறது? என்னட்டைக் கிற்றார் இருக்கு" என்றார்.

கிற்றாரா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு, பியானோக்காரி முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பியானோ வாங்க வசதியில்லாத வீடுகளில் கிற்றாரோடுதான் இந்தப் பாட்டுகளைப் பாடினார்களாம். அதற்கென்று தனியாக அச்சடித்தும் விற்றார்களாம். அலுமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். கிற்றாருக்கு எழுதிய தாள்கள் ஏழெட்டு இருந்தன, நான் ஒருநாளும் திரும்பிப் பாராதவை. அவற்றில் கிணற்றடியில் நான் முணுமுணுத்த பாட்டும் இருந்தது.

ஆற்றங்கரையில் நிற்கும் ஒருத்தியின் பாட்டு அது. நாலு பகுதி. முதலாவதில் காலை வெளிச்சம் தண்ணீரில் விழுகிறது. இரண்டாவதில், அதே மெட்டில், அவள் அக்கரையில் இருக்கும் படகுக்காரனைப் பார்க்கிறாள். மூன்றாவதில் காற்றுக் கூடுகிறது, அவள் அவனைக் கூப்பிடுகிறாள். அந்தக் கூப்பாட்டில்தான் குரல் ஒரே தாவலாக உச்சிக்குப் போகவேண்டும். நாலாவதில் படகு வருகிறது. அவ்வளவுதான். ஏறினாளா என்று பாட்டு சொல்லாது.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் தொடங்கினோம். அவருக்குத் தாள் வாசிக்கத் தெரியாது. தாளில் கிற்றாருக்கு எழுதியிருந்ததை நான் வாயால் சொல்ல, அவர் காதால் பிடித்தார். முதல் நாள் என் குரல் பழைய சுருதியில் முதல் வரியிலேயே உடைந்தது. எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் சுருதியை உயர்த்தக் கிற்றாரின் கழுத்தில் போட்டிருந்த கவ்வியைக் கழற்றி, எல்லாவற்றையும் கீழே இறக்கி வாசித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கை நிக்குதோ அங்கைதானே குழாயை இறக்கிறது. உங்கட குரல் நிக்கிற இடத்துக்குப் பாட்டை இறக்குவம்."

ஜேர்மனியில் இதே பாட்டுகளை உயர்ந்த குரலுக்கு ஒன்று, தாழ்ந்த குரலுக்கு ஒன்று என்று தனித்தனிப் புத்தகமாகவே போடுவார்கள். அது எனக்குத் தெரிந்த விசயம்தான். ஆனால் என் குரல் இறங்கியதை நான் அவமானமாகவே வைத்திருந்தேன். இவர் அதைக் கிணற்றின் ஆழம் போல ஒரு அளவாக எடுத்துக்கொண்டார். அன்று அழுதேன். கணவர் வெங்காயமா என்று கேட்டார், ஓம் என்றேன்.

எல்லாம் நன்றாகப் போனது என்று எழுத ஆசைதான். ஆனால் எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை இருந்தது. ஒரு பகுதி முடிந்ததும் அவர் கை தானாக முதல் வரிக்குத் திரும்பிவிடும். சரணம் முடிந்தால் பல்லவிக்கு வரவேண்டும், இருபது வருடக் கலியாண வீட்டுப் பழக்கம். நான் மூன்றாம் பகுதிக்கு மூச்செடுத்து நிற்பேன், அங்கே காலை வெளிச்சம் மறுபடி தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கும்.

"தம்பி, ஏன் திரும்பிப் போறியள்? இந்தப் பாட்டு திரும்பாது."

"திரும்பாட்டி அது எப்பிடி அக்கா பாட்டு?"

"அவள் ஆத்தங்கரையில நிக்கிறாள். விடிஞ்சது விடிஞ்சதுதான். திரும்பத் திரும்ப விடியுமே?"

"சனம் எதைப் பிடிச்சுக்கொண்டு கேக்கிறது? பல்லவிதானே கைபிடி. பாட்டுன்னா வீட்டுக்கு வரணும்ங்க!"

தாயின் பேச்சு வந்துவிட்டால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அர்த்தம். நான் மேசையில் தட்டினேன். ஜேர்மனியில் நான் பழகியது பாட்டு மட்டுமல்ல, ஆட்களை முறைத்துப் பார்ப்பதும்தான். மூன்று மாதம் முறைத்ததில் அவர் கை ஒருவாறு அடங்கியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவர் விரல்கள் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம்கூட எனக்குக் கோபமூட்டியது.

வாசிகசாலை ஆண்டு விழாவில் பாடச் சொன்னது என் கணவர். எனக்குத் தெரியாமல் பெயரும் கொடுத்துவிட்டார். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு யோசித்தேன். விறாந்தையில் பத்துத் தடவை பாடினால் ஆறு தடவை அந்தக் கூப்பாட்டில் குரல் உடைந்தது. இப்படியே விறாந்தையில் காலம் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருநாளும் உண்மை தெரியாது.

"இஞ்சேருங்கோ, ஒருக்காப் பாடிப் பாக்கிறன். முழுசா முடிச்சால் நான் பாட்டுக்காரி. முடிக்காட்டி தாளெல்லாத்தையும் கட்டிப் பியானோக்காரிக்கே திருப்பி அனுப்பிப்போடுவன். பிறகு ஒருத்தரும் என்னட்டைப் பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது" என்றேன். கணவர் வழக்கம் போலச் சிரித்துப் பகிடி விடவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

விழா பின்னேரம் நாலு மணிக்கு. முன்பள்ளிப் பிள்ளைகளின் மயில் நடனத்துக்கும் வலைப்பந்துப் பரிசளிப்புக்கும் நடுவில் எங்களைப் போட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் என்னை "ஜேர்மன் நாட்டின் புகழ்பெற்ற பாடகி" என்றார். நான் மைக்கில், "குசினியில வேலை செய்தனான்" என்று திருத்தினேன். சனம் சிரித்தது. ஆற்றங்கரைக் கதையைத் தமிழில் நாலு வசனத்தில் சொன்னேன். "கை தட்டித் தாளம் போடாதேங்கோ, இது ஆறுதலா, மெதுவாப் போற பாட்டு" என்றும் கேட்டுக்கொண்டேன்.

முதல் பகுதி நன்றாகவே வந்தது. இரண்டாவதும் வந்தது. யாரும் தாளம் போடவில்லை, மயில் பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் இருந்தார்கள். மூன்றாவதில் காற்று எழுந்தது, கிற்றார் நான் சொல்லிக்கொடுத்தபடியே நடுங்கியது, நான் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உடைந்த குரல்கூட இல்லை, வெறும் காற்று. மைக்கில் அந்தக் காற்றுப் போவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். தாள்களைக் கட்டும் கயிறு வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூட அந்த நேரத்தில் யோசித்தேன், மனதின் கூத்தைப் பாருங்கள்.

கிற்றார் நிற்கவில்லை. திரும்பியது. மூன்று மாதம் நான் மேசையில் தட்டி அடக்கி வைத்த அந்தத் திரும்பல், நேரே முதல் வரிக்கு, காலை வெளிச்சத்துக்கு. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மாதர் சங்கத்துப் பெண்கள் இருந்த பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு தடவை கேட்ட மெட்டு, இது பல்லவி என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சொல் தெரியாமல் வாயை மூடியபடியே பாடினார்கள். முதல் வரி தாழ்ந்த இடத்தில் இருக்கிறது, அங்கே என் குரலும் இருந்தது. அவர்களோடு சேர்ந்து நானும் உள்ளே போனேன்.

அந்தப் பகுதி முடிவதற்குள் எனக்கு மூச்சு வந்துவிட்டது. அவரிடம் தலையை ஆட்டினேன். மறுபடி மூன்றாவது, மறுபடி காற்று. கூப்பாட்டை நான் கத்தவில்லை. அக்கரையில் இருக்கிறவனுக்குக் கேட்காது, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும், அவ்வளவு சின்னதாக அந்த உச்சி சுரம் வந்தது. ஆனால் வந்தது. பிறகு படகும் வந்தது.

கைதட்டல் முடிந்து பின்பக்கம் வந்ததும் அவர் கிற்றாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், திட்டு வாங்கத் தயாரானவர் போல.

"தம்பி, என்னைக் காப்பாத்த எண்டு தெரிஞ்சே திரும்பினியளோ?"

"சத்தியமா இல்லைங்க அக்கா. பயத்துல கை தானா வீட்டுக்குப் போயிடுச்சு."

எனக்கு வந்த சிரிப்பில், இவ்வளவு நேரம் அடக்கியிருந்த அழுகையும் சேர்ந்து வந்தது. அவரும் பயந்திருக்கிறார், அவருடைய பயம் எனக்கு உதவியிருக்கிறது.

என் கணவர் போனில் படம் பிடித்ததை அடுத்த நாள் ஜேர்மனிக்கு அனுப்பினேன். பியானோக்காரி குரல் பதிவில் பதில் அனுப்பினாள். முதலில் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, அவளும் என் ஆசிரியைதானே, ஒன்றைக் கேட்டாள். நடுவில் முதல் பகுதி திரும்பி வருகிறதே, அது தாளில் இல்லையே என்றாள்.

நான் அலுமாரியைத் திறந்து தாளை எடுத்தேன். இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் சந்திக்கும் இடத்தில், திரும்பிப் போ என்று சொல்லும் இரண்டு கோடுகளையும் இரண்டு புள்ளிகளையும் பேனாவால் அழுத்திப் போட்டேன். அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பிறகு தாளை அடித்தட்டில் வைக்காமல், வருகிற ஞாயிறுக்காக விறாந்தை மேசையில் வைத்தேன்.