எந்த நுளம்பு எத்தனை மணிக்கு வரும்?

பிள்ளைகளே, புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு அக்கரப்பத்தனையில் பஸ் ஏறினேன். ஹட்டனில் பெரிய நுளம்பு வலை ஒன்று வாங்கிக்கொண்டு கினிகத்தேனை பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட் நூற்றிருபது ரூபாய். கீழே இறங்க இறங்கக் குளிர் விட்டது. கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டேன். நம் ஊர்க் குளிருக்கு நுளம்பு அதிகம் வராது. கினிகத்தேனையில் கலா அத்தை வீட்டில் அப்படியில்லை.

அத்தை மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதக் குழந்தையைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போக முடியும். அங்கே வரும் ஒரு குழந்தைக்கு டெங்கு.

"விடலாமா வேணாமான்னு ஒண்ணும் புரியலண்ணே" என்று அழுதாள்.

மாலை 6 மணி. சுகாதாரப் பகுதியில் வேலை செய்யும் ஜெயக்குமார் தம்பி, எந்த மணிக்கு எந்த நுளம்பு வருகிறதென்று பிடித்துக் கணக்கெடுக்க, அத்தை வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். காலில் வந்து உட்காரும் நுளம்பை, கடிக்குமுன் ஒரு குழாயால் உறிஞ்சிக் கிண்ணத்தில் அடைத்தார். மணிக்கு ஒரு கிண்ணம்.

"வாய்க்குள்ள போயிடாதா தம்பி?"

"குழாய் நடுவுல வலைத்துணி இருக்குங்க. இல்லாட்டி ராத்திரிச் சாப்பாடே தேவையில்ல!"

வெளிச்சம் மங்கும்வரை, கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்டவை வந்தன. இருட்டியதும் நின்றுவிட்டன. பதினொரு மணிக்குப் பழுப்பு நிறத்தவை கூட்டமாக வந்தன. இரண்டு மணிவரை ஓயவில்லை. தம்பி ஒன்றையும் நசுக்கவில்லை, ஒரு மணிக்குரிய கிண்ணத்தை இன்னொன்றோடு குழப்பவுமில்லை. அப்படியொரு பொறுமையை நான் எந்த வேலையிலும் பார்த்ததில்லை. எனக்கோ கை சும்மா இருக்கவில்லை, ஒன்றை அடித்துவிட்டேன்.

"அண்ணே, கணக்கக் கெடுத்துட்டீங்களே!" என்று சிரித்தார்.

காலை 5.30. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் செய்வதுபோல, அத்தை வேலைக்குப் போகுமுன் இரவு குழந்தைக்குக் கட்டியிருந்த புது வலையை அவிழ்த்து மடித்துப் பெட்டிமேல் வைத்தாள். ஆறரைக்கு நன்றாக விடிந்தது. வரி போட்டது மறுபடி தம்பியின் காலுக்கு வந்தது.

"அக்கா, டெங்கு பரப்புறது இவதான், ராத்திரி வந்த பழுப்புக்காரி இல்ல. இவ வர்ற நேரம் பாத்து வலைய மடிச்சுட்டீங்களே!"

அத்தை என்னைப் பார்த்தாள். நானும் அப்படித்தான் மடித்திருப்பேன்.

காலை 7 மணி. அத்தை இடுப்பில் குழந்தையும் கக்கத்தில் வலையுமாகப் பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஒம்புள்ளைக்கு மட்டும் மாளிகையா?"

"பெரிய வலைதான் ஆயம்மா. எல்லாத்தையும் குறுக்கால படுக்கப் போடுங்க."

நான்கு குழந்தைகளை வரிசையாகக் கிடத்தினார்கள். நானும் தம்பியும் வலையைக் கட்டினோம். அத்தை விளிம்பைச் சுற்றிலும் பாய்க்கடியில் செருகினாள். ஒருமுறை உள்ளே பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடினாள்.