தங்கராஜ் அண்ணன் தேர்ந்துகொடுத்த பேரல்

அன்று மாலை ஆலயத்தில் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள்: கீபோர்டு வாசிக்கும் ஜெபசிங், வயலின் வாசிக்கும் அக்கா தங்கை இருவர், பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த, ஆலய மணி அடிக்கும் கோயில்குட்டி, கிளாரினெட்டோடு நான். வேறு யாரும் இல்லை. எப்போதும் எங்களுக்கு முன்பே வந்து நாற்காலி போட்டிருக்கும் முதல் கிளாரினெட் ஊதும் தங்கராஜ் அண்ணனை மட்டும் காணவில்லை. ஜெபசிங்கின் போன் அடித்தது. கேட்டுவிட்டு கீபோர்டை அணைத்தார். "அண்ணன் போயிட்டாரு" என்றார். சின்ன ஜெபம் ஒன்று சொல்லிவிட்டு எல்லாருமாக அவர் வீட்டுக்கு நடந்தோம்.

நம் பாட்டுக் குழுவில் அவரோடு பாடிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் சங்கீதம் படித்தவள் அல்ல. குழம்பு கொதிக்கிற நேரத்தில் விரல் வைக்கும் இடங்களைத் நானாகப் பழகியவள். கிளாரினெட் என் மாமாவுடையது. என் கணவரைப் பெற்றவர். மூச்சிரைப்பு வந்து இனி ஊத முடியாது என்று ஆனதும் எனக்குத் தந்தார். ஒரு பெண் ஊதுகிறதா என்று சபையில் சிலர் முணுமுணுத்தபோது அண்ணன் யாரோடும் வாதாடவில்லை. "எனக்குப் பக்கத்துல இவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்றார். அதோடு பேச்சு அடங்கியது. அந்த நாற்காலிக்காக நான் அவருக்கு எத்தனை ஜெபம் செய்திருப்பேன் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

ஒரு கோடையில் கிளாரினெட்டின் பேரலில் வெடிப்பு விழுந்தது. வாயில் வைக்கும் பகுதிக்கும் நீண்ட குழலுக்கும் நடுவே வருமே, அந்தச் சின்ன மர உருளை. மாமா அதன் உள்விளிம்பில் ஊசியால் ஒரு சிலுவை கீறி வைத்திருந்தார். அண்ணன் வெயிலில் திருப்பிப் பார்த்தார். "இது இனி ஒண்ணுக்கும் ஆகாது மக்கா. எங்கிட்ட தா, நான் தூரக் களஞ்சிடுகேன்" என்றார். கொடுத்தேன். வேறு பேரல் வாங்கக் குளச்சலில் பேண்டுச் சாமான்கள் பழுதுபார்க்கும் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். அண்ணன் எனக்குப் பொறுமையாக விளக்கினார்: "நீளத்தெ ஸ்கேல் வச்சு அளந்திரலாம். உள்ள துளை சரியான்னு ஊதினாத்தான் தெரியும். பழைய கிளாரினெட்டுக்குப் பழைய துளைதான் சேரும். ஒரு சுரத்தெ நம்பாத. கீழ, நடுவுல, மேல மூணையும் ஊதிப் பாரு." ஊதிப் பார்த்தோம். முதல் பேரலில் மூன்றும் சுருதியில் நின்றன. இரண்டாவதில் மேல் சுரம் சுருதி தாழ்ந்து தொங்கியது. எனக்கே கேட்டது. அவர் இரண்டாவதை எடுத்தார். "இதுதான் ஒனக்கு" என்றார். சொல்கிறவர் அவர் என்பதால் வாங்கிக்கொண்டேன்.

நம் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஒரே ஒரு சுரம் ஊதுவார், எல்லாரும் அதோடு சேர்வோம், உடனே பாட்டு ஆரம்பம். வேறு சுரத்தை யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. பேரலைக் கொஞ்சம் முன்பின் இழுத்து அந்த ஒரு சுரத்தில் நான் எப்போதும் சரியாகச் சேர்ந்தேன். பாட்டு மேலே ஏறும்போது தாழ்ந்தேன். "ஒனக்கு உதடு தளந்து போச்சு மக்கா" என்பார் அண்ணன், எல்லார் முன்பும், அன்பாகத்தான். மேலே போகும் இடங்கள் ஒவ்வொன்றாக அவரிடம் போயின. நான் வீட்டில் உதடு வீங்குமட்டும் ஊதினேன்.

மாமா இறந்தபோது அடக்க ஆராதனையில் அவருக்குப் பிடித்த பாட்டை நான்தான் ஊத வேண்டும் என்று என் கணவர் கேட்டார். அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "பெட்டிக்கு முன்னால சுருதி போச்சுன்னா ஆயுசுக்கும் ஒனக்கு அதே நெனப்பா இருக்கும். நான் ஊதிடுகேன்" என்றார். ஊதினார். எல்லாரும் அழுதார்கள். நானும் நன்றி சொன்னேன்.

அண்ணனை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி மேரி மைனி அவருடைய கிளாரினெட் பெட்டியோடு வந்தார். திறந்து, பேரலை மட்டும் கழற்றி என் கையில் வைத்தார். உள்விளிம்பில் சிலுவை இருந்தது. வெடிப்பு ஒட்டப்பட்டு, மேலே நூல் சுற்றி மெழுகு பூசியிருந்தது.

"இது ஒனக்க பேரல்தான். ஒன் மாமா கிளாரினெட்டும் இவருக்கதும் ஒரே மாதிரிதானே, அதுல சேந்துகிட்டு. அந்த வருசமே ஒட்டவச்சாரு. அவளுக்குத் திருப்பிக் குடுங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். 'குடுத்தா அவ எனக்கு மேல போயிருவா'ன்னாரு."

மைனி போன பிறகு அதை மாட்டி ஊதினேன். கீழ், நடு, மேல் மூன்றும் நின்றன. என் உதட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக் கணக்கு இடித்தால் முதலில் என் கூட்டலைத்தான் சந்தேகப்படுவேன். இதிலும் அப்படியே செய்தேன். அந்த இரண்டாவது பேரலின் குறை அண்ணனுக்கும் தெரியாமல் போயிருக்கலாமே என்று யோசித்தேன். ஆனால் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டு அல்லவா அவர் மற்றதை எடுத்தார். கடைசியாக மாமாவின் சவப்பெட்டிக்கு முன்னால் மாமாவின் பேரலிலேயே ஊதினார். மன்னிக்கத்தான் வேண்டும். தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். அந்த மனசு இன்னும் வரவில்லை.

எனக்கு நாற்காலி போட்டவரும் அவர்தான், அதை நான் மறுக்க மாட்டேன். பேரல் பார்க்க அவர் சொல்லித்தந்தது முழுக்க உண்மை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

வருகிற ஞாயிறு அவருடைய நினைவு ஆராதனையில் முதல் கிளாரினெட்டை என்னை ஊதச் சொல்லியிருக்கிறீர்கள். ஊதத் தயாராக இருக்கிறேன். ஆனால் இத்தனை வருடம் அவர் பக்கத்தில் நின்ற உங்களில் யாருக்காவது இது தெரிந்திருந்ததா? தெரிந்தே என் உதட்டைக் குறை சொல்ல விட்டீர்களா? அதை அறியாமல் உங்கள் நடுவில் வந்து நிற்க என்னால் முடியாது. ஜெபசிங், முதலில் நீங்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன்னால் எனக்குப் பதில் சொல்லுங்கள்.